ஒற்றை அட்டையில் மூன்று வீடு

தம்பிக்கு,

போன வெள்ளிக்கிழமை உன்னுடைய சேர்வர் அறைத் திறப்புவிழாவில் நான் பாதியில் எழுந்து போனதற்கு, "அவவுக்குத் தலைச்சுத்து" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றாராம். எனக்கு ஒரு தலைச்சுற்றும் இல்லை. வாயைத் திறந்தால் விழா கெட்டுவிடும் என்றுதான் போனேன். அன்று பின்னேரமே நீ என்னுடைய படத்தை முகநூலில் போட்டு, "என் முதற் குரு என் அம்மா, ஒரு சேர்வரை மூன்றாகப் பிரித்து ஒரு வைத்தியசாலையையே நடத்தியவர்" என்று எழுதியிருக்கிறாய். ஊரிலே பாதிப்பேர் அதன் கீழே கைகூப்பியிருக்கிறார்கள். குரு என்று ஊரறியச் சொன்னாய். ஆகவே ஊரறியவே பதில் எழுதுகிறேன். இதை வாசித்த அப்பா, "இஞ்சரப்பா, உதை உவனுக்கு மட்டும் அனுப்பும், ஊருக்குக் காட்டவேண்டாம்" என்றார். ஊருக்குக் காட்டவேண்டிய காரணம் கடைசியில் வரும். அதுவரை பொறுமையாக வாசி. உனக்குப் பொறுமை கிடையாது, தெரியும். ஆனாலும் வாசி.

அச்சுவேலிச் சந்திக்குப் பக்கத்தில் நீ வாடகைக்கு எடுத்த அந்த அறையில் எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம். இயந்திரத்தின் நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நெல்லியடித் தனியார் வைத்தியசாலை டொக்டர்கூட எடுத்தார், பாவம். ஒருவராவது அதன் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. நான் போனேன். சேர்வரின் முகத்தில் விளக்குத்தான் மினுங்கும், சங்கதி முழுக்க முதுகில்தான் இருக்கும். குனிந்து பார்த்தேன். எட்டு இடம் இருக்கிறது அட்டை செருகுவதற்கு. டிஸ்க்குகள் எல்லாம் தொங்குவதற்கு ஓர் அட்டை. நெற்வேர்க்குக்கு ஓர் அட்டை. மற்ற ஆறும் தகரம் போட்டு மூடியபடி. அந்த ஆறு தகரத்திலும் தூசுகூடத் தட்டப்படவில்லை. திருநீறு பூச நேரம் இருந்தவனுக்குத் தூசு தட்ட நேரமில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், உனக்காக அல்ல; உனக்கு எல்லாம் தெரியுமே. ஒரு பெரிய சேர்வரை உள்ளுக்குள்ளே பிரித்து, இரண்டு மூன்று தனிச் சேர்வர்கள் போல இயக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் புரொசெசரில் ஒரு பங்கு, மெமரியில் ஒரு பங்கு. கடைக்குப் போன எவரும் இந்த இரண்டையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், நீயும் அப்படித்தான். ஆனால் அதோடு முடியாது. ஒவ்வொரு பிரிவும் கண் விழித்து எழும்புவதற்குச் சொந்த டிஸ்க் வேண்டும். அந்த டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளச் சொந்த அட்டை வேண்டும். வெளியுலகத்தோடு கதைக்கச் சொந்த நெற்வேர்க் அட்டை வேண்டும். இயந்திரத்தின் உடம்பில் இடம் போதாவிட்டால் பக்கத்தில் வைக்கும் விரிவுப் பெட்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிப்பதற்கும் ஒரு பிரிவை மட்டும் நிறுத்தி மறுபடி எழுப்புவதற்கும் வெளியே தனியாக ஒரு கணினி வேண்டும், கொன்சோல் என்பார்கள். உன்னிடம் அது இல்லை. கொழும்பில் விற்றவன் தன்னுடைய கொன்சோலைக் கொழுவிப் பிரித்துவிட்டு, கொன்சோலைக் கழற்றித் தான் வைத்துக்கொண்டு, இயந்திரத்தை லொறியில் ஏற்றிவிட்டான். "பிரிச்சுத்தான் அனுப்பினவங்கள் அம்மா" என்று நீ பெருமையோடு சொன்னாய். ஆனையை வாங்கியவன் அங்குசத்தை மறந்துவிட்டு வந்து, ஆனை நல்ல சாது என்கிறான்.

அதைவிடப் பெரிய கூத்து, சுவரிலே கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறாயே அந்த ஒப்பந்தம். மூன்று வாடிக்கையாளர்: அச்சுவேலிக் கலியாண மண்டபம், டியூசன் வகுப்பு நடத்துகிற ஒரு டியூட்டரி, நெல்லியடி வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக் கூடம். உன்னுடைய கூட்டாளி நொத்தாரிசு என்பதால் அவனைக் கொண்டு எழுதுவித்திருக்கிறாய். அவனுக்கு எழுதத் தெரிந்தது காணி உறுதிப் பத்திரம் மட்டும். இன்ன பிரிவுக்கு இத்தனை புரொசெசர், இவ்வளவு மெமரி என்று எல்லை வகுத்துவிட்டு, கடைசியில் "டிஸ்க்கில் பொதுப் பங்கும் நெற்வேர்க்கில் வழிவாய்க்கால் உரித்தும்" என்று காணி பாகம் பிரிக்கிற பாஷையில் முடித்திருக்கிறான். நான் இரண்டுமுறை வாசித்தேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாழ்ப்பாணத்தானுக்கு வேலி அடைக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டாலே கத்தியோடு வருவான். ஆனால் கிணறு என்று வந்தால் மட்டும் "பங்குக் கிணறு" என்று ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான். அந்த ஒரு வரிக்காக உன் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் எத்தனை வருடம் கோட்டுப் படி ஏறி இறங்கினார்கள் என்பதை நீ கண்ணால் பார்த்தவன். பார்த்தவன்தான் இப்போது கணினிக்குள்ளும் பங்குக் கிணறு வெட்டியிருக்கிறாய்.

அந்தக் கிணறும் யாருடைய காணிக்குள் இருக்கிறது என்று பார்த்தாயா? இருப்பது ஓர் அட்டை. அதை ஒரு பிரிவுதான் சொந்தமாக வைத்திருக்கலாம். மற்ற இரண்டும் அதனிடம் கேட்டுத்தான் தங்கள் டிஸ்க்கைத் தொடலாம். முதலில் கையெழுத்து வைத்தவர் என்பதால் மண்டபத்தின் பிரிவுக்கு அட்டையைக் கொடுக்கச் சொல்லி விற்றவனைக் கேட்டிருக்கிறாய். ஆக, மண்டபக்காரர் கதிரை வாடகைக் கணக்குக்காகத் தன் பிரிவை ஒருமுறை நிறுத்தினாலே, நெல்லியடியில் இரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கிற திரையும் அப்படியே நின்றுவிடும். அந்த அட்டை செத்தால் மூன்றும் சேர்ந்து சாகும். இதை உன் காதுக்குள்தான் சொன்னேன், சபையில் சொல்லவில்லை. நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அம்மா, நீங்கள் பழைய காலத்து ஆள். இப்ப எல்லாம் வேர்ச்சுவல். சொவ்ற்வெயார் பாத்துக்கொள்ளும்" என்றாய். அந்த இடத்தில்தான் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

வேர்ச்சுவலாம். உனக்குப் பதின்மூன்று வயதில் நீயும் அக்காவும் ஓர் அறைக்குச் சண்டை பிடித்து, நடுவில் அலுமாரியைப் போட்டுப் பிரித்தது நினைவிருக்கிறதா? கட்டில் இரண்டு, மேசை இரண்டு, யன்னலும் ஆளுக்கொன்று. நீதியான பிரிப்பு என்று நீயே சொன்னாய். பிளக் மட்டும் ஒன்று, அக்காவின் பக்கம். உன்னுடைய கணினியின் வயர் அலுமாரிக்குக் கீழால் ஊர்ந்து போய் அங்கே செருகியிருந்தது. ஒருநாள் காலை அவள் பள்ளிக்கூடச் சட்டை அயன் பண்ண அதைப் பிடுங்கிவிட்டாள். நீ ஒரு மாதமாகச் செய்த வேலை போய்விட்டது. நிலத்தில் உருண்டு அழுதாய். "என்ரை பக்கம் எனக்கெண்டால் கறண்டும் எனக்கெல்லோ வேணும்" என்று நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பதின்மூன்று வயதில் விளங்கிய விஷயம் முப்பது வயதில் விளங்காமற் போக, இடையில் உனக்கு என்ன படிப்பித்தார்களோ தெரியாது. அன்றைக்கு வயர்காரரைக் கூப்பிட்டு உன் பக்கச் சுவரில் இரண்டாவது பிளக் அடித்துத் தந்தவள் நான்தான். வீட்டுக்குச் செய்யத் தெரிந்ததை நான் வேலை செய்த இடத்தில் செய்யவில்லை. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

"சொவ்ற்வெயார் பாத்துக்கொள்ளும்" என்ற வசனம் உன்னுடையது அல்ல. அது என்னுடையது. நான் வேலை செய்த வைத்தியசாலையில், நீ ஏ.எல். என்கிற உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்று நான் சொன்னது. அப்போது என்னைக் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக்கி ஆறு மாதம். புதுச் சேர்வர் வரப்போகிறது. ஆய்வுகூடம், மருந்தகம், நோயாளர் பதிவு என்று மூன்றாகப் பிரிக்கவேண்டும். என்னென்ன வன்பொருள் வேண்டும் என்று பட்டியல் எழுதியவர் அன்ரன். குருநகர் ஆள். இயந்திரங்களைத் திறந்து மூடிப் பராமரிக்கிற வேலை அவருடையது. பட்டம் கிடையாது, ஒரு திருகாணியின் சத்தத்தை வைத்தே அது எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். அவருடைய பட்டியலில் மூன்றாவது வரி: இரண்டாவது டிஸ்க் அட்டை, அதற்கான டிஸ்க்குகளோடு. பணிப்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மிஸ், உதெல்லாம் கட்டாயம் வேணுமோ?" என்று கேட்டார். வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி என்னிடம் வந்தது, பட்டியல் அன்ரனுடையது. தலையாட்டினால் நான் அவருடைய எழுதுவினைஞர்போல ஆகிவிடுவேன் என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு காரணத்துக்காகச் சிவப்புப் பேனையை எடுத்து, அடிமட்டம் வைத்து, மூன்றாவது வரியை வெட்டினேன்.

அன்ரன் கெஞ்சவில்லை. "அக்கா, உது மூண்டு வீடில்லை. ஒரு வீட்டுக்கை மூண்டு பாய்" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இதுவரை உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் இருந்த இடத்தில், "அன்ரன், கடலுக்குப் போற வள்ளத்துக்குத்தான் இரண்டு எஞ்சின் வேணும். இது ஒஃபிஸ்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய தகப்பனும் தமையனும் கடற்றொழிலாளர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துதான் சொன்னேன். உன் வாயில் வருகிற ஏளனம் எங்கேயிருந்து வந்தது என்று நீ யோசிக்கவேண்டாம். முகவரி இதுதான்.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு, வெளிநோயாளர் வரிசை வாசல்வரைக்கும் நிற்கிற நேரத்தில், அந்த ஒற்றை அட்டை போய்விட்டது. மூன்று பிரிவும் ஒன்றாக நின்றன. எங்களிடம் கொன்சோல் இருந்தது. மூன்றும் செத்துவிட்டன என்பதை அது மிக வடிவாகக் காட்டியது. சத்திரசிகிச்சைக்கு எடுத்துப்போன ஒரு கர்ப்பிணியின் இரத்த வகை முடிவு ஆய்வுகூடத்தின் பிரிவுக்குள் இருந்தது. அவர்கள் மறுபடி ஊசி குத்தி, மறுபடி பரிசோதித்து, கடதாசியில் எழுதி, கையிலே பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தாய் தப்பினாள், பிள்ளையும் தப்பியது. தப்பினார்கள் என்று இங்கே ஒரு வசனத்தில் எழுதுகிறேன். அந்த முக்கால் மணித்தியாலம் நான் கணினி அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே கந்தசாமியாரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அன்ரன் உள்ளே நின்று இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "அட்டையைப் பராமரித்தவரின் கவனக்குறைவு காரணமாக" என்று எழுதினேன். அதைச் சபையில் நானே வாசித்தேன். அன்ரன் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்தார். ஒருதரம் என்னைப் பார்த்தார். "நான் எழுதிய பட்டியல் எங்கை?" என்று கேட்டிருந்தால் அன்றோடு நான் முடிந்தேன். ஏனென்றால் பட்டியல் என்னுடைய கைப்பையில் இருந்தது. கோப்பிலிருந்து முதல்நாளே கழற்றிவிட்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. அந்த மாத முடிவோடு அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு. நீ குருவென்று போட்ட படம் அந்த உயர்வுக்குப் பிறகு எடுத்ததுதான். நல்ல சேலை, நல்ல சிரிப்பு.

நேற்று நான் கொழும்புத்துறைக்குப் போனேன். அன்ரன் அங்கே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். மீன் பார்க்கிற கருவி, வள்ளங்களின் ஜீ.பீ.எஸ். திருத்துகிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கதிரையிலிருந்த வயர்ச் சுருளைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, "இருங்கோ அக்கா" என்றார், நான் போன கிழமையும் வந்து போனவள்போல. நான் இருக்கவில்லை. உன்னுடைய ஒப்பந்தத்தை நான் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தவர் "வழிவாய்க்கால் உரித்து" என்ற இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இரத்தப் பரிசோதினைக் கூடத்தையோ உதுக்குள்ளை விடப்போறான்?" என்று கேட்டார். ஓம் என்றேன். வருகிற திங்கட்கிழமை என்றேன். அவர் கைபேசியைத் திருப்பித் தந்தார். அப்போதுதான் கைப்பையைத் திறந்து அந்தப் பழைய பட்டியலை எடுத்து மேசையில் வைத்தேன். இத்தனை வருடமாக அதைக் கிழிக்கத் தைரியம் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை.

"அண்டைக்கு ஏன் கேக்கேல்லை அன்ரன்?" என்று கேட்டேன். அவர் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்கடை பெடியனுக்கு அடுத்த மாசம் ஏ.எல். சோதினை எண்டு நீங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள். நான் தனி ஆள். எனக்குக் கடல் இருக்குது, உங்களுக்கு என்ன இருக்குது?"

தம்பி, நீ படித்த படிப்பு, எடுத்த பட்டம், அச்சுவேலியில் வைத்த நிறைகுடம் எல்லாம் அந்த மனிதன் வாயைத் திறக்காததில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி, விடுங்கோ" என்றார். விட முடியாது. பொய்யைச் சபையில் வாசித்தவள் உண்மையைக் கடைக்குள் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அது எந்த வகையில் கணக்கு? அதனால்தான் இந்தக் கடிதத்தை ஊருக்குக் காட்டுகிறேன். அன்ரனில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை என்னுடையது. அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். என் படத்துக்குக் கைகூப்பியவர்கள் கையை இறக்கிவிடலாம்.

நீ இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், வெட்கத்தால் ஒருவரும் சாவதில்லை. நெல்லியடி டொக்டரிடம் நேரில் போய், இயந்திரம் இன்னும் முறையாகப் பிரியவில்லை, கொன்சோலும் தனி அட்டைகளும் வரும்வரை பரிசோதனைக் கூடத்தை மாற்றவேண்டாம் என்று நீயே சொல். தொலைபேசியில் சொல்லாதே. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நீ போகாவிட்டால், நான் பஸ் ஏறிப் போய்ச் சொல்வேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பெயரும் சேர்ந்து வரட்டும். மண்டபமும் டியூட்டரியும் உன்னுடைய பங்குக் கிணற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக் குடிக்கட்டும். கதிரைக் கணக்கு நின்றால் ஒருவருக்கும் மூச்சு நிற்காது.

அன்ரன் உன்னிடம் வருவதாகச் சொல்லவில்லை; நீ போய்க் கேட்டால் பார்ப்பேன் என்றார். நான் வெளிக்கிடும்போது மேசையிலிருந்த அந்தப் பட்டியலைத் தன் முன்னால் இழுத்து, அங்கே கிடந்த நீலப் பேனையை எடுத்து, வெட்டிய வரிக்குக் கீழே அதே வரியை மறுபடி எழுதினார். இரண்டாவது டிஸ்க் அட்டை, அதற்கான டிஸ்க்குகளோடு. எழுத்து முன்னையைவிடக் கொஞ்சம் நடுங்குகிறது. மடித்துத் தந்துவிட்டு, "இதை உங்கடை பெடியனிட்டைக் குடுங்கோ. வெட்டுறதெண்டால் இந்தமுறை அவன் வெட்டட்டும்" என்றார்.

பட்டியலை அப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். சிவப்பில் இருப்பது உன் அம்மா.

அம்மா